வீடுகள் பாடிய கவிஞர்: ஷகீல் பதாயூனி

பழனிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் உள்ள பாலசமுத்திரத்திற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு நிகாஹ் ஓதி வைக்கச் சென்றிருந்தோம். நிகாஹ் முடிந்து வலீமா சாப்பாடு நடந்து கொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் நன்னிமாவைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள் நின்று, கைபேசியில் ஒரு பழைய இந்திப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். கோபித்துக் கொண்ட பாட்டியைப் பேரப்பிள்ளைகள் சமாதானம் செய்யும் பாட்டு அது. நன்னிமாவுக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் மெட்டைக் கேட்டதும் முகம் மலர்ந்து, தம் சின்ன வயதில் ரேடியோவில் கேட்டதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர் ஒருவர் நம்மிடம் தயங்கியபடி இரண்டு கேள்விகள் கேட்டார். இந்தப் பாட்டை எழுதியவர் ஒரு முஸ்லிம் என்று படித்தேன், அது உண்மையா என்பது முதல் கேள்வி. உண்மையென்றால் அப்படிப்பட்ட ஒருவருடைய வாழ்க்கையை நாம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டோம். இரண்டாவது கேள்வி நம்முடனே வீடு வரை வந்தது. அதற்கான பதிலாகவே இதை எழுதுகிறோம்.

இசைக் கருவிகளைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் உலமாக்கள் சொல்லும் சட்டம் வாசகர்கள் அறிந்ததே. அதைத் தளர்த்துவதற்காக இதை எழுதவில்லை. ஒரு மனிதரின் வாழ்வில் நமக்கு என்ன படிப்பினை இருக்கிறது என்று பார்ப்பது மட்டுமே நம் நோக்கம்.

பதாயூன் என்னும் ஊர்

அந்தப் பாட்டை எழுதியவர் ஷகீல் பதாயூனி. உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் நகரில் 1916 ஆகஸ்ட் 3 அன்று பிறந்தவர். நம் பக்கத்தில் ஆலிம்களும் புலவர்களும் காயல், கீழக்கரை, உத்தமபாளையம் என்று ஊர்ப் பெயரைத் தம் பெயருடன் சேர்த்துக் கொள்வது போலத்தான் பதாயூனி என்பதும்.

அது சாதாரண ஊர் அல்ல. டெல்லி சுல்தான் இல்துத்மிஷ் காலத்தில் எழுந்த பெரிய ஜாமிஆ மஸ்ஜித் இன்றும் அங்கே நிற்கிறது. டெல்லியில் அடங்கியிருக்கும் ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) பிறந்ததும் அங்கேதான். பேரரசர் அக்பரின் அவையில் இருந்துகொண்டே அவருடைய மார்க்கப் போக்கைக் கடுமையாக விமர்சித்து எழுதிய வரலாற்றாசிரியர் அப்துல் காதிர் பதாயூனியும் அந்த ஊரின் பெயரையே தாங்கியவர். ராமாயணத்தைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கும் வேலையை அக்பர் அவரிடம் கொடுத்தார். மனமில்லாமலேயே அவர் அதைச் செய்து முடித்தார். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளட்டும். பின்னால் அது தேவைப்படும்.

ஷகீலின் குடும்பம் மார்க்கப் பற்றுள்ள குடும்பம். மகன் நன்றாகப் படித்து நல்ல நிலைக்கு வரவேண்டும் என்பது தந்தையின் ஆசை. அரபி, பாரசீகம், உருது, இந்தி ஆகிய நான்கையும் வீட்டிலேயே ஆசிரியர் வைத்துக் கற்றுக் கொடுத்தார். வீட்டில் கவிஞர்கள் பரம்பரை என்று யாரும் இல்லை. உறவினர் ஒருவர், ஜியாவுல் காதிரி என்பவர், நபி புகழ்ப் பாடல்கள் எழுதும் மார்க்கக் கவிஞராக இருந்தார். பிள்ளையின் மனம் கவிதைப் பக்கம் திரும்பியதற்கு அவரும் ஊரின் சூழலும் காரணம். ஆக ஷகீல் முதலில் கேட்டு வளர்ந்த கவிதை நஅத்தான். காதல் பாட்டுகள் பிறகு வந்தவை.

அலிகரும் அரசு வேலையும்

1936இல் அவர் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே நடக்கும் முஷாஇரா என்னும் கவியரங்குகளில் கலந்து கொண்டு அடிக்கடி பரிசு வாங்கினார். அன்று உருதுக் கவிஞர்களில் இளைஞர்கள் பலர் முற்போக்கு இயக்கத்தின் பக்கம் போனார்கள். உழைப்பாளர் துயரையும் சமூக மாற்றத்தையும் எழுதினார்கள். ஷகீல் அந்தப் பக்கம் போகவில்லை. மனத்துக்கு நெருக்கமான அன்பையும் பிரிவையும் எழுதுவதே தமக்கு வரும் என்று கண்டுகொண்டு கடைசி வரை அதிலேயே நின்றார்.

1940இல் திருமணம் நடந்தது. மணமகள் சல்மா, உறவுப் பெண். இருவரும் சிறுவயதிலிருந்து ஒரே கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள். ஆனாலும் வீட்டில் பர்தா ஒழுங்கு பேணப்பட்டதால் திருமணத்துக்கு முன் நெருங்கிப் பழகியதில்லை. பின்னாளில் நாடே முணுமுணுத்த காதல் பாடல்களை எழுதியவர் இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தார் என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

பட்டம் பெற்றபின் டெல்லியில் அரசின் வழங்கல் துறையில் வேலை கிடைத்தது. பகலில் அலுவலகம், இரவில் முஷாஇரா என்று சில ஆண்டுகள் சென்றன. பெயர் பரவியது. 1940களின் நடுவில் அந்த நிலையான வேலையை விட்டுவிட்டுப் படங்களுக்குப் பாட்டெழுத பம்பாய்க்குப் புறப்பட்டார். மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்தில் இது எவ்வளவு பெரிய முடிவு என்பது நமக்குத் தெரியும்.

நவ்ஷாதுடன் கூட்டு

பம்பாயில் அவர் தயாரிப்பாளர் ஏ.ஆர்.கர்தாரையும் இசையமைப்பாளர் நவ்ஷாதையும் சந்தித்தார். தம் கவித்திறனை ஒரே அடியில் காட்டும்படி அவர்கள் கேட்க, அவர் சொன்ன ஒரே அடியில் வேலை உறுதியானது. 1947இல் வெளிவந்த தர்த் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதன் பிறகு சுமார் இருபது ஆண்டுகள் நவ்ஷாதின் மெட்டும் ஷகீலின் சொல்லும் பிரியவில்லை. தீதார், பைஜு பாவ்ரா, மதர் இந்தியா, முகலே ஆஸம், கங்கா ஜமுனா, மேரே மெஹ்பூப் எல்லாம் அந்தக் கூட்டில் வந்தவையே. மேரே மெஹ்பூபின் கதை அலிகர் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கே மாணவராக முஷாஇராவில் நின்றவரே, அங்கே நிற்கும் கதாநாயகனுக்கும் கவிதை எழுதினார்.

லக்னோவைச் சேர்ந்த நவ்ஷாதின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். இசைத் தொழிலைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. அவருடைய திருமணத்தின்போது மாப்பிள்ளை பம்பாயில் தையல்காரர் என்று பெண் வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தார்களாம். அதே திருமண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்தது அவர் இசையமைத்த ரத்தன் படப் பாட்டுகளை! மாப்பிள்ளைதான் அந்த மெட்டுகளின் சொந்தக்காரர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. இதை நவ்ஷாதே பிற்காலத்தில் சிரித்தபடி நினைவுகூர்வதுண்டு. பாட்டு எல்லா வீட்டுக்குள்ளும் போகும், பாட்டுக்காரனைச் சொந்த வீட்டில் மறைத்து வைப்பார்கள். இந்த முரண்பாட்டில் நமக்கும் பங்கு உண்டு.

ஒரு பஜனையும் ஒரு நஅத்தும்

1952இல் வந்த பைஜு பாவ்ராவில் ஹரியின் தரிசனத்துக்கு ஏங்கும் ஒரு பஜனை உண்டு. எழுதியவர் ஷகீல், இசை நவ்ஷாத், பாடியவர் முஹம்மது ரஃபி. மூவரும் முஸ்லிம்கள் என்பதை இன்றும் மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். சமூகத்தில் வேறு சிலர் அதே செய்தியைச் சொல்லி மூவரின் ஈமானையும் சந்தேகிக்கிறார்கள்.

நம் நிலை இதுதான். ஏகத்துவ நம்பிக்கையில் விட்டுக்கொடுப்பு இல்லை. நம் பிள்ளைகளுக்கு அதைத் தெளிவாகச் சொல்லித் தருவோம். அதே நேரம் படத்தில் வரும் ஓர் இந்துப் பாடகனின் வாயில் அவனுக்குரிய சொல்லை வைப்பது எழுத்தாளனின் வேலை. அந்தச் சொல்லே எழுதியவனின் அகீதா ஆகிவிடாது. நானூறு ஆண்டுகளுக்கு முன் அப்துல் காதிர் பதாயூனி ராமாயணத்தை மொழிபெயர்த்தார் என்பதற்காக அவரை மார்க்கம் விட்டவர் என்று எந்த ஆலிமும் சொன்னதாக நாம் படித்ததில்லை. ஷகீலின் உள்ளத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

அதே பேனாதான் எட்டு ஆண்டுகள் கழித்து முகலே ஆஸமில் மதீனத்து வேந்தர் நபி (ஸல்) அவர்களை விளித்து ஆதரவற்ற ஒரு பெண் கண்ணீர் விடும் பாடலை எழுதியது. அப்படி விளிப்பது பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்கு இது இடமல்ல. சிறுவயதில் ஜியாவுல் காதிரியிடம் கேட்ட நஅத்தின் ஈரம் நாற்பது வயது கடந்த பிறகும் அவரிடம் காய்ந்து போகவில்லை என்பதை மட்டும் சொல்கிறோம். படங்களுக்கு வெளியேயும் அவர் நஅத்கள் எழுதினார்.

சென்னையில் பிறந்த குடும்பப் பாட்டு

இனி பாலசமுத்திரத்துத் திண்ணையில் கேட்ட பாட்டுக்கு வருவோம். அது 1961இல் வெளிவந்த கரானா படத்தில் வருவது. கரானா என்றால் குடும்பம். படம் இந்தி, பிறந்த இடமோ சென்னை. அண்ணா மேம்பாலத்தை இன்றும் பலர் ஜெமினி பாலம் என்று சொல்கிறோமே, அங்கே இருந்த ஜெமினி ஸ்டுடியோவின் தயாரிப்பு அது. இயக்கியவர் ஆனந்த விகடன் அதிபர் எஸ்.எஸ்.வாசன். 1960இல் வந்த சாந்தி நிவாசம் என்ற தெலுங்குப் படத்தின் கதைதான் மூலம். வீட்டை அடக்கி ஆளும் மாமியார், அவருக்கு முன் வாய் திறக்காத கணவர், நடுவில் அல்லாடும் மகன்கள், மருமகள்கள் என்று எந்த ஊருக்கும் பொருந்தும் கதை. அதனால்தான் தெலுங்கு வீட்டுக் கதை சென்னை வழியாக வடநாட்டு வீடுகளுக்குள்ளும் போனது.

அந்தப் படத்தில் ஷகீலுடன் சேர்ந்தவர் இசையமைப்பாளர் ரவி. பாட்டியைச் சமாதானம் செய்யும் பாட்டைப் பாடியவர்கள் ஆஷா போஸ்லேயும் கமல் பாரோட்டும். வீட்டுப் பெரியவர்களே பயப்படும் அந்த அம்மாளிடம் பிள்ளைகள் மட்டும் பயமில்லாமல் போய் நிற்கிறார்கள். அரபியும் பாரசீகமும் கற்ற கவிஞர் அதற்காகத் தம் புலமையை ஒதுக்கி வைத்துவிட்டுக் குழந்தை பேசும் பேச்சிலேயே எழுதினார். மொழி தெரியாத நம் நன்னிமாவுக்கும் பாட்டின் கருத்து எட்டியதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம்.

கரானாவின் இன்னொரு பாடல் ஷகீலுக்குச் சிறந்த பாடலாசிரியருக்கான பிலிம்ஃபேர் விருதையும், படம் ரவிக்குச் சிறந்த இசையமைப்பாளர் விருதையும் பெற்றுத் தந்தன. முந்தைய ஆண்டு சௌத்வீன் கா சாந்த், அடுத்த ஆண்டு பீஸ் சால் பாத் என்று மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக அந்த விருது ஷகீலுக்கே சென்றது. 1963இல் ஜெமினியின் கிருஹஸ்தி படத்துக்கும் அவர்தான் எழுதினார். அதுவும் குடும்பக் கதையே.

குடும்பம் பற்றிய அவருடைய பாட்டுகளை வரிசைப்படுத்தினால் ஒரு வீட்டின் வாழ்க்கையே கிடைக்கும். பாபுல் படத்திலும் மதர் இந்தியாவிலும் மணப்பெண் பிறந்த வீட்டை விட்டுப் புறப்படும் பாட்டுகள் உண்டு. வடநாட்டுத் திருமண வீடுகளில் தாய்மார்கள் அவற்றைக் கேட்டுக் கண் கலங்குவார்கள். கங்கா ஜமுனாவில் ஓர் ஆசிரியர் பிள்ளைகளுக்கு நீதியின் பாதையில் நடக்கச் சொல்லித் தருகிறார். சன் ஆஃப் இந்தியாவில் ஒரு சிறுவன் நாட்டுக்காக நடைபோடுகிறான். இந்த இரண்டும் இன்றும் சுதந்திர தினத்தன்று பள்ளிகளில் ஒலிக்கின்றன. நாட்டுப்பற்றுக்குச் சான்று கேட்கப்படும் இக்காலத்தில், பள்ளிப் பிள்ளைகள் பாடும் அந்தப் பாட்டுகளை எழுதியவர் பதாயூன் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழுக்கும் அவர் அந்நியர் அல்லர். அவர் பாட்டெழுதிய ஆன், உரன் கடோலா, முகலே ஆஸம் ஆகியவை தமிழிலும் பேசின. உரன் கடோலா வான ரதம் என்றும், முகலே ஆஸம் அக்பர் என்றும் வந்தன. நவ்ஷாதின் மெட்டு மாறாமல், வாயசைவும் தவறாமல், தமிழில் எழுதியவர் கவிஞர் கம்பதாசன். நம் தாத்தாக்கள் தமிழ்ப் பாட்டு என்றே முணுமுணுத்த சில மெட்டுகளுக்கு முதலில் சொல் கொடுத்தவர் ஷகீல்தான்.

கடைசி நாட்கள்

இவ்வளவு பெயர் பெற்றவரின் தனி வாழ்க்கை எளியது. பூப்பந்து ஆடுவார். நண்பர்களோடு வெளியூர் போவார். பட்டம் விடுவதில் தனிப் பிரியம். நவ்ஷாதும் ரஃபியும் சேர்ந்துகொண்டால் போட்டியே நடக்கும்.

நீரிழிவும் காசநோயும் சேர்ந்து அவரைப் படுக்கையில் தள்ளின. பஞ்சகனியில் உள்ள காசநோய் சிகிச்சை இல்லத்தில் சேர்க்கப்பட்டார். பாட்டெழுதாத நாளில் பாடலாசிரியருக்கு வருமானம் இல்லை. நாடெங்கும் அவர் பாட்டு ஒலித்துக் கொண்டிருந்தபோதே சிகிச்சைச் செலவுக்குக் கை தட்டுப்பட்டது.

இது நவ்ஷாதின் காதுக்கு எட்டியது. அவர் நினைத்திருந்தால் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் தம் நண்பரின் தன்மானம் அவருக்குத் தெரியும். எனவே அவர் மூன்று படங்களின் பாட்டு வேலையைப் பெற்று, வழக்கமான கூலியைவிடப் பல மடங்கு அதிகம் பேசி, அந்த வேலையை நோயாளியின் படுக்கைக்கே கொண்டு போய்ச் சேர்த்தார். ஷகீல் படுத்தபடியே எழுதினார். தர்மம் வாங்குகிறோம் என்ற கூச்சம் இல்லாமல் உழைத்த கூலியாகவே பணம் அவர் கைக்குச் சென்றது. கொடுப்பதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமக்குத் தெரியவில்லை.

1970 ஏப்ரல் 20 அன்று பம்பாயில் ஷகீல் இறந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 53. அவருக்குப் பிறகு குடும்பத்துக்கு வருமானம் கிடைப்பதற்காக நண்பர்கள் அவர் நினைவாக ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். 2013இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

அந்த மாணவருக்கு நம் பதில்

குர்ஆனில் கவிஞர்கள் பெயரிலேயே ஒரு சூரா உண்டு. அதன் கடைசியில் மனம் போன போக்கில் அலையும் கவிஞர்களைக் கண்டிக்கும் இறைவன், ஈமான் கொண்டு நற்செயல் செய்து அல்லாஹ்வை அதிகம் நினைப்பவர்களை அதிலிருந்து விலக்குகிறான். ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) கவி பாட மஸ்ஜிதிலேயே மிம்பர் போடப்பட்டதும் நமக்குத் தெரியும். ஆகவே கவித்திறன் பாவமல்ல, அது அமானத். அந்த அமானத்தை எதற்குச் செலவிட்டான் என்பது கேட்கப்படும். ஷகீல் எழுதியவற்றில் மார்க்கம் ஏற்பவையும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. அவற்றை நிறுத்துப் பார்க்கும் தராசு நம் கையில் இல்லை. இறந்தவர்களை ஏச வேண்டாம் என்பதே நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தது.

ஆனால் அந்த மாணவரின் கேள்வியை யோசிக்க யோசிக்க நம் மனத்தை அழுத்தியது வேறொன்று. மதரஸாவில் நமக்கு அரபி பைத்துகளைச் சந்தத்தோடு சொல்லித் தந்த உஸ்தாத் ஒருவர் இருந்தார். தமிழ்ப் பாட்டும் எழுதுவார். நம் ஊர்ப் பக்கத்து நிகாஹ் வீடுகளில் அவர் எழுதிய வாழ்த்துப்பாக்கள் படிக்கப்படும். கீழே அவர் பெயர் இருக்காது. முதுமையில் நோய்ப்பட்டு ஒரு சிறிய வீட்டில் கிடந்தார். பழனிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அடுத்த முறை இறங்கிப் பார்ப்போம் என்று நினைத்துக் கொண்டே கடந்தோம். கடைசியில் இறங்கியது அவருடைய ஜனாஸாவுக்குத்தான். மருந்துக் கடையில் பாக்கி இருந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

நவ்ஷாத் எந்த மதரஸாவிலும் ஓதிப் பட்டம் வாங்கியவர் அல்லர். நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை என்று மிம்பரில் பலமுறை பேசியவர்கள் நாம். ஆனால் படுக்கையருகே போய் நின்றவர் அவர். பஸ்ஸிலிருந்து இறங்காமல் போனவர்கள் நாம்.

ஷகீலை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்ட தம்பிக்கு இப்போது சொல்கிறோம். அவருடைய கணக்கை அவருடைய இறைவனிடம் விட்டுவிட்டு, அவருக்காக மஃபிரத் கேளுங்கள். பிறகு உங்கள் மஹல்லாவில் ஓதிக் கொடுத்தவர், பாட்டெழுதியவர், பாங்கு சொன்னவர் யாராவது முதுமையில் படுத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். உதவி தேவையென்றால் அவர் தலை குனியாதபடி செய்யுங்கள்: பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு வாழ்த்துப்பா எழுதச் சொல்லுங்கள், அதற்குரிய கூலியை நிறைவாகக் கொடுங்கள்.

மர்ஹூம் ஷகீலின் பிழைகளையும் நம் உஸ்தாதின் பிழைகளையும் அவர்களைப் பார்க்கத் தவறிய நம் பிழைகளையும் வல்ல அல்லாஹ் பொறுத்தருள்வானாக. ஆமீன்.